ஒலிபெருக்கியும் கீழ்வீட்டு உறக்கமும்

சங்கீதம் கேட்பவருக்கு இன்பம் தருவது. அதே சங்கீதம் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில் வசிப்பவருக்குத் துன்பமாக முடிவதும் உண்டு. பாட்டின் சொல்லோ, சுரமோ, ராகத்தின் நயமோ அவருக்கு எட்டுவதில்லை. 'தும், தும்' என்னும் தாழ்ந்த முழக்கம் மட்டும் கூரை வழியாக இறங்கி வந்து, பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் கவனத்தையும் நோயாளியின் உறக்கத்தையும் கலைக்கிறது. மேல்வீட்டாரிடம் முறையிட்டால், "நாங்கள் மெதுவாகத்தானே வைத்திருக்கிறோம்!" என்று அவர் வியப்படைகிறார். இருவர் கூறுவதும் உண்மையே. இதன் காரணத்தை விளக்குவதும், கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டு இத்தொல்லையைக் குறைக்கும் வழியைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

மும்பையில் செம்பூரை அடுத்துள்ள திலக் நகர் இப்பிரச்சினையை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். வீட்டு வசதி வாரியத்தினால் அமைக்கப்பட்ட குடியிருப்பு அது. சிறிய வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றையொன்று ஒட்டியும் அமைந்த பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் உயர்ந்த கட்டடங்கள் எழும்பி வருகின்றன. ஒரு புறம் துறைமுகப் பாதையின் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. அருகிலேயே லோகமான்ய திலகர் ரயில் முனையம் உள்ளது. 2014-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாந்தாக்ரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையும் பக்கத்திலேயே செல்கிறது. ஆகவே, ஒரு வீட்டு ஒலிபெருக்கியின் அதிர்வு வெளியே செல்வதும், ரயிலின் அதிர்வு வீட்டிற்குள் வருவதும் இங்கு ஒருங்கே நிகழ்கின்றன. இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குச் செம்பூர், மாட்டுங்கா சபைகளில் கச்சேரி கேட்ட அனுபவம் உண்டு. அதே நிறைவை வீட்டிலும் பெற விரும்பி, உயர்தர ஒலிபெருக்கி வாங்குவோர் பலர்.

ஒலி செல்லும் இரண்டு வழிகள்

ஒலிபெருக்கியிலிருந்து அண்டை வீட்டிற்கு ஒலி இரண்டு வழிகளில் செல்கிறது. முதலாவது, காற்றுவழி. கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அழுத்துகிறது. அவ்வழுத்தம் சுவரையும் தளத்தையும் தள்ளி அசைக்கிறது. அசையும் தளம் மறுபுறத்துக் காற்றை அசைக்கிறது. இரண்டாவது, கட்டடவழி. கூம்பு முன்னே செல்லும்போது பெட்டி பின்னே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் விதி இங்கும் பொருந்துகிறது. இவ்வாறு உதைபடும் பெட்டி தன் கால்கள் மூலம் தளத்தை நேராகவே உதைக்கிறது.

மாவு அரைக்கும் இயந்திரம் சமையலறையில் ஓடும்போது அதனடியில் மடித்த கோணிப்பையைப் போடும் வழக்கம் யாவரும் அறிந்ததே. இயந்திரத்தின் இரைச்சல் அதனால் பெரிதும் குறைவதில்லை; ஆயினும் மேடையின் நடுக்கம் குறைகிறது. கோணிப்பை தடுப்பது கட்டடவழி அதிர்வை மட்டுமே. காற்றுவழி ஒலியை அது தொடுவதில்லை. ஒலிபெருக்கியின் கீழ் வைக்கும் எந்தச் சாதனத்திற்கும் இவ்வரம்பு உண்டு என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

உதையின் அளவு எவ்வளவு?

இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள ஒலிபெருக்கிகள் அசையும் சுருள் வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்ட அமைப்பே இவற்றிற்கு அடிப்படை. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச் சுருள் அசைகிறது. அதனோடு ஒட்டிய கூம்பும் அசைகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் எடை 15 கிலோகிராம். கூம்பும் சுருளும் சேர்ந்து 30 கிராம். விநாடிக்கு 40 தடவை, அதாவது 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், கூம்பு நடுநிலையிலிருந்து இருபுறமும் 2 மில்லிமீட்டர் அசைவதாகக் கொள்வோம். கணக்கிட்டால் கூம்பின் உச்ச முடுக்கம் விநாடிக்கு விநாடி 126 மீட்டர் என வரும். அது பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு. இதை 30 கிராமால் பெருக்கினால், பெட்டியின்மீது செயல்படும் உதைவிசை சுமார் 3.8 நியூட்டன். ஏறக்குறைய 400 கிராம் எடையின் விசைக்கு இது சமம். இவ்விசை விநாடிக்கு 40 தடவை திசை மாறித் தளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

பெட்டி தடையின்றி மிதந்துகொண்டிருந்தால் அது எவ்வளவு அசையும்? பெட்டியின் எடை கூம்பின் எடையைப்போல் 500 மடங்கு. ஆகவே, அதன் அசைவு கூம்பின் அசைவில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டதில் நான்கு கூறு. மெல்லிய காகிதத்தின் தடிமனைவிட இது மிகவும் குறைவு. பெட்டியை மென்மையான கால்களின்மேல் நிறுத்தினால் இசை கலங்கிவிடும் என்று அஞ்சுவோர்க்கு இக்கணக்கே விடையாகும்.

சுருள்வில்லின் இரகசியம்

பெட்டிக்கும் தளத்திற்கும் இடையே நெகிழ்வான ஒரு பொருளை வைப்பதே அதிர்வுத் தடுப்பின் அடிப்படை. ஆனால், ஏதேனும் ஒரு ரப்பர்த் துண்டை வைத்தால் போதும் என்று எண்ணுவது தவறு. எடையும் நெகிழ்வும் சேர்ந்த எந்த அமைப்பிற்கும் ஓர் இயல்பதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வெண்ணை இந்த இயல்பதிர்வெண்ணால் வகுத்துக் கிடைக்கும் ஈவே பலனைத் தீர்மானிக்கிறது.

ஈவு 1-ஐவிட மிகக் குறைவாயின், அதிர்வு குறையாமல் அப்படியே கடந்து செல்லும். ஈவு 1-ஐ நெருங்கினால் அனுநாதம் ஏற்பட்டு, அதிர்வு பன்மடங்கு பெருகும். ஈவு 1.4-ஐத் தாண்டிய பின்னரே தடுப்பு தொடங்குகிறது. ஈவு 2 ஆனால் விசையில் மூன்றில் ஒரு பங்கு கடக்கும். 3 ஆனால் எட்டில் ஒரு பங்கு. 4 ஆனால் பதினைந்தில் ஒரு பங்கு. 5 ஆனால் இருபத்துநான்கில் ஒரு பங்கு. ஆகவே, தடுக்க வேண்டிய மிகத் தாழ்ந்த சுரத்தின் அதிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாக இயல்பதிர்வெண் இருக்குமாறு அமைப்பதே நலம்.

இயல்பதிர்வெண்ணைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஓர் அளவுகோல் போதும். பெட்டியை ஏற்றியதும் கால்கள் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகின்றன என்று அளக்க வேண்டும். அவ்வெண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் இயல்பதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் 15.8 ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ். சுருள்வில்லுக்கு இக்கணக்கு மிகவும் சரியாகப் பொருந்தும். ரப்பரோ அதிரும்போது சற்று அதிக விறைப்புக் காட்டுவதால், அதன் உண்மையான இயல்பதிர்வெண் கணக்கில் வருவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மேற்கூறிய 15 கிலோகிராம் பெட்டியை நான்கு சுருள்வில்களின்மேல் நிறுத்துவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 3.75 கிலோகிராம் தாங்கும். அச்சுமைக்கு 4 மில்லிமீட்டர் அமுங்கும் சுருள்வில்லைத் தேர்ந்தெடுத்தால் 40 ஹெர்ட்ஸில் ஈவு 5 ஆகும். தளத்தை அடையும் விசை 3.8 நியூட்டனிலிருந்து 0.16 நியூட்டனாகக் குறைந்துவிடும்.

இனி, கெட்டியான ரப்பர் வட்டுகளை வைத்த மற்றொருவரின் நிலையைப் பார்ப்போம். அவை 0.2 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்குகின்றன. இயல்பதிர்வெண் 35 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸ் சுரம் ஒலிக்கும்போது ஈவு 1.13 மட்டுமே. ரப்பரின் உள்தணிப்பைக் கணக்கில் கொள்ளாவிடில், தளத்தை அடையும் விசை மூன்றரை மடங்காகப் பெருகும். உள்தணிப்பினால் இப்பெருக்கம் ஓரளவு குறையலாம். எனினும், பணம் செலவிட்டு வாங்கிய காப்பு சாதனம் கீழ்வீட்டாரின் தொல்லையை அதிகமாக்கிவிடும். உயர்ந்த சுரங்களில் அதே வட்டுகள் நன்றாகவே தடுப்பதால், அவற்றை வாங்கியவர் இதனை அறியாமலே இருந்துவிடுவார்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

எஃகுச் சுருள்வில் நன்கு அமுங்கும்; பல்லாண்டு உழைக்கும். ஆனால், அதில் தணிப்பு மிகக் குறைவு. தட்டினால் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். சிறிதளவு ரப்பரோ ஃபெல்ட் துணியோ சேர்த்தால் இக்குறை நீங்கும். அளவுக்கு மீறித் தணிப்பைச் சேர்ப்பதும் தகாது. தணிப்பு அனுநாதத்தின் உச்சியைக் குறைக்கும். ஆனால், உயர்ந்த அதிர்வெண்களில் தடுப்பையும் குறைத்துவிடும்.

ரப்பரின் குணம் ஒன்று கவனிக்கத்தக்கது. அது அமுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்குகிறது. அதன் கன அளவு மாறுவதில்லை. பிதுங்க இடமில்லாவிட்டால் அது அமுங்காது. பெட்டியின் அடி முழுவதும் பரப்பிய மெல்லிய ரப்பர்த் தகடு, பார்வைக்கு மென்மையாகத் தோன்றினாலும், நடைமுறையில் கல்லைப் போன்றதே. அதே ரப்பரைச் சிறிய, உயரமான நான்கு கட்டைகளாக வெட்டி மூலைகளில் வைத்தால் நன்கு வேலை செய்யும். கட்டையின் உயரம் அதன் அகலத்தைவிடக் கூடாமல் இருப்பது பத்திரமானது.

ரப்பரிட்ட தேங்காய் நார், கார்க்கு, ஃபெல்ட் முதலியனவும் பயன்படும். பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்துகளைச் சிலர் உபயோகிப்பதுண்டு. எடை குறைந்த பெட்டிகளுக்கு அவை ஏற்றவை. மெத்தைகளில் இடும் மென்னுரைப் பொருள் நாளடைவில் நசுங்கித் தட்டையாகிவிடும். மும்பையின் ஈரக்காற்றில் சில வகைகள் பொடிந்தும் போகின்றன. எப்பொருளாயினும், ஆண்டிற்கொரு முறை அமுக்கத்தை மீண்டும் அளந்து பார்ப்பது நன்று.

கடைகளில் கிடைக்கும் கூர்மையான உலோக முனைகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இவை பெட்டியைத் தளத்திலிருந்து பிரித்துவிடுகின்றன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் இவை கம்பளத்தை ஊடுருவித் தளத்தைப் பற்றிக்கொண்டு பெட்டி ஆடாமல் காக்கின்றன. அதற்கு அவை பயன்படும். ஆயினும், விறைப்பான உலோகம் அதிர்வைத் தடையின்றிக் கடத்துமாதலால், கீழ்வீட்டாருக்கு அவற்றால் யாதொரு நன்மையும் இல்லை.

உயர்ந்து ஒடுங்கிய பெட்டிகளை மென்மையான கால்களில் நிறுத்தும்போது அவை கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் உள்ள வீடுகளில் இது மிகவும் முக்கியம். பெட்டியின் அடியில் அதைவிட அகலமான, கனத்த பலகையையோ கடப்பைக் கல்லையோ வைத்து, அதன் மூலைகளில் கால்களைப் பொருத்துவது சிறந்த முறை. அகலத்தினால் நிலைபேறு கூடுகிறது. சேர்ந்த எடையினால் இயல்பதிர்வெண்ணும் குறைகிறது. கல்லின் எடையையும் சேர்த்தே கால்களின் சுமையைக் கணக்கிட வேண்டும்.

வெளியிலிருந்து வரும் அதிர்வு

இதுவரை கூறியது வீட்டிலிருந்து வெளியே செல்லும் அதிர்வைப் பற்றியது. இசைத்தட்டுக் கருவி வைத்திருப்போர்க்கு இதன் மறுபக்கமும் முக்கியமானது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அளக்கும் அசைவு மிக நுண்ணியது. ரயிலின் அதிர்வோ, நடப்பவரின் காலடியோ, ஒலிபெருக்கியின் உதையோ தளத்தின் வழியே ஊசியை அடைந்தால், அதுவும் இசையோடு சேர்ந்து பெருக்கப்படும். பெருக்கிய ஒலி மீண்டும் தளத்தை அசைக்க, அந்த அசைவு மீண்டும் ஊசியை அடைய, கருவி ஓயாமல் உறுமத் தொடங்கும்.

அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1961-இல் வெளியிட்ட இசைத்தட்டுக் கருவியில், தட்டையும் ஊசிக்கரத்தையும் ஒரே சட்டத்தில் இணைத்து, அச்சட்டத்தை மென்மையான சுருள்வில்களில் தொங்கவிட்டார். தட்டும் ஊசியும் சேர்ந்தே அசைவதால், அவற்றிற்கிடையே வேறுபாடு தோன்றுவதில்லை. ஆனால், மனிதர் நடப்பது விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடிகள். அதன் மடங்குகளான 4, 6 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் மென்மையான சுருள்வில்லின் இயல்பதிர்வெண்ணோடு ஒத்துவிட்டால் ஊசி துள்ளும். அத்தகைய வீடுகளில் கருவியைத் தளத்தில் நிறுத்தாமல், உறுதியான செங்கற்சுவரில் பொருத்திய தாங்கியில் வைப்பது பயன் தரும்.

இதே தத்துவம் விஞ்ஞானத்தின் மிக நுண்ணிய அளவைகளுக்கும் துணை நிற்கிறது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் முதன்முதலாக ஈர்ப்பு அலையைப் பதிவு செய்த லைகோ நிலையங்களில், 40 கிலோகிராம் எடையுள்ள கண்ணாடிகள் நான்கு அடுக்கு ஊசல்களில் தொங்குகின்றன. ஓர் அடுக்கு தடுத்ததில் எஞ்சியதை அடுத்த அடுக்கு தடுக்கிறது. இத்தகைய நிலையம் ஒன்றை மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திலக் நகரில் ஒரு பெட்டியின் கீழ் வைக்கும் சுருள்வில்லுக்கும் அந்த ஊசல்களுக்கும் விதி ஒன்றே.

பள்ளியில் செய்து காட்டத்தக்க பரிசோதனைகள்

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை எளிதில் விளக்கலாம். நீண்ட ரப்பர் நாடாவின் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கையை மிக மெதுவாக மேலும் கீழும் அசைத்தால், கல் கையோடு சேர்ந்து அசையும். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், ஒரு நிலையில் கல் மிகவும் துள்ளும். இதுவே அனுநாதம். மேலும் வேகமாக அசைத்தால், கை நடுங்கிக்கொண்டிருக்கக் கல் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கடத்துதல், பெருக்குதல், தடுத்தல் ஆகிய மூன்று நிலைகளையும் மாணவர் ஒரே நிமிடத்தில் கண்டுகொள்வர்.

இரண்டாவது பரிசோதனையை வீட்டிலும் செய்யலாம். ஒரே சீரான 40 அல்லது 50 ஹெர்ட்ஸ் சுரத்தை ஒலிக்கச் செய்து, ஒருவர் கீழ்வீட்டில் நின்று கேட்க வேண்டும். பிறகு, ஒலியின் அளவையும் பெட்டியின் இடத்தையும் மாற்றாமல், பெட்டியின் கீழ் தடித்த இலவம்பஞ்சு மெத்தையை மடித்து வைத்து மீண்டும் கேட்க வேண்டும். முழக்கம் தெளிவாகக் குறைந்தால், தொல்லை கட்டடவழியே செல்கிறது என்பது உறுதி. ஏற்ற கால்களை அமைத்தால் பலன் கிடைக்கும். வேறுபாடு தெரியாவிட்டால் ஒலி காற்றுவழியே செல்கிறது எனக் கொள்ளலாம். அந்நிலையில் எவ்வளவு விலையுள்ள கால்களை வாங்கினாலும் பலன் இராது. கடைக்குச் செல்லுமுன் இச்சோதனையைச் செய்வது வீண் செலவைத் தவிர்க்கும்.

கைப்பேசியிலுள்ள முடுக்கமானியைக் கொண்டு மர அலமாரி, மேசை ஆகியவற்றின் நடுக்கத்தை அளந்து காட்டலாம். கான்கிரீட் தளத்தின் அசைவு மிகச் சிறியதாதலால், அதனை அக்கருவி பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. ஆகவே, கைப்பேசி எதையும் காட்டவில்லை என்பதைக் கொண்டு தளம் அசையவில்லை என்று முடிவு செய்தல் கூடாது.

காற்றுவழி ஒலிக்குச் செய்யத்தக்கவை

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 8 மீட்டருக்கும் மேல். சாதாரண அறையைவிட அது நீளமானது. சன்னலில் தொங்கும் திரையும் சுவரில் ஒட்டிய மெல்லுரைத் தகடும் அத்தகைய அலையைத் தடுக்க இயலா. ஆயினும், செலவின்றிச் செய்யத்தக்கவை சில உண்டு. பெட்டியை அறையின் மூலையிலிருந்து நகர்த்த வேண்டும். மூலையில் இரு சுவர்களும் தளமும் சேர்ந்து தாழ்ந்த சுரங்களை வலுப்படுத்துகின்றன. பொதுச்சுவரை விட்டு விலக்கி வைத்தலும், கேட்பவர் பெட்டியின் அருகே அமர்ந்து ஒலியைக் குறைத்துக் கேட்பதும் பலன் தரும். தாழ்ந்த சுரத்தைக் கட்டுப்படுத்தும் திருகை இரவில் குறைத்து வைத்தால், பாட்டின் இனிமை பெரிதும் கெடாது. அண்டை வீட்டின் அமைதியோ பெரிதும் காக்கப்படும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பு விதித்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இவ்வளவையில் செவியின் இயல்பை ஒட்டித் தாழ்ந்த சுரங்களுக்குக் குறைந்த மதிப்பே அளிக்கப்படுகிறது. ஆதலால், மானியில் காணும் எண் வரம்பிற்குள் இருந்தபோதிலும் முழக்கத்தின் தொல்லை நீடிக்கக் கூடும். முறையீடுகளை விசாரிக்கும் கள அலுவலர்கள் எண்ணோடு நின்றுவிடாமல், தொல்லையுற்றவரின் அறையிலேயே நின்று கேட்டறிவது நன்று.

புதிய கட்டடங்கள் எழும்பும்போதே இதற்கு வழி செய்தல் மிகவும் சிறந்தது. கான்கிரீட் தளத்தின்மேல் நெகிழ்வான படுகையை விரித்து, அதன்மேல் தரையை மிதக்கவிடும் முறை வெகுநாட்களாக அறியப்பட்டதே. கட்டடங்களின் ஒலித் தடுப்பைப் பற்றிய இந்தியத் தர விதி 1962-லேயே வெளியாயிற்று. மறுகட்டுமானம் நடைபெறும் திலக் நகர் போன்ற இடங்களில், திட்டம் வரைவோரிடம் குடியிருப்போர் இதனைக் கேட்டுப் பெறுவது பொருத்தமாகும். கட்டி முடித்த பின் செய்யும் திருத்தங்களுக்குச் செலவு அதிகம்; பலன் குறைவு.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் வாழ்வோர் செய்ய வேண்டியவை எளியவை. முதலில் மெத்தைச் சோதனை. அதன்பின் பெட்டியின் எடையை நிறுத்தல். 40 ஹெர்ட்ஸ் சுரத்தைத் தடுக்க, 4 மில்லிமீட்டர் அமுங்கும் கால்களைத் தேர்ந்தெடுத்தல். இறுதியாகக் கீழ்வீட்டாரை ஒருமுறை அழைத்துக் கேட்டல். மேல்வீட்டில் ஓடும் பாட்டின் அளவை அறிய அவரினும் நுண்ணிய கருவி வேறில்லை.